பந்து பொறுக்கியவனின் சாட்சி

பொய் சொல்லலாமா, கூடாதா என்கிற கேள்வி பலருக்கு ஐந்தாம் வகுப்பு நன்னெறிப் பாடத்தோடு முடிந்துபோகிறது. எனக்கு அது 2000 சனவரியில், ஏழாவது படிக்கும்போது, ஒரு கல்லூரியின் கூடைப்பந்துத் திடலில்தான் ஆரம்பித்தது. இன்னும் முடியவில்லை. வன்கொடுமைக்கு ஆளான சனங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற வேலையில் பத்துப் பதினைந்து வருசமாக இருக்கிறேன். ஒவ்வொரு மனுவிலும் அந்தக் கேள்வி பேனா முனையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் இந்த ஏட்டில் விளையாட்டைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. ‘இவனுக்கு வேற வேலையில்லையா’ என்று தோழர்கள் முகம் சுளிக்க வேண்டாம்.

மதுரை மாவட்டத்தில் ஒரு சிறுநகரத்தை ஒட்டியது எங்கள் தெரு. அரசாங்கக் கணக்கில் ஆதிதிராவிடர் காலனி. ஊர்க்காரர் வாயில் பறத்தெரு. காலனிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு சாக்கடை ஓடும். பொங்கல் முடிந்ததும் கல்லூரியில் டோர்னமெண்ட் நடக்கும். மதுரை, பாளையங்கோட்டை, கோயம்புத்தூர், சென்னை என்று கல்லூரி அணிகள் வந்து இறங்கும். நாலு கம்பத்தில் போக்கஸ் லைட். சிமெண்டுத் தரையில் புதுசாக அடித்த வெள்ளைக் கோடு. குழாய் ஸ்பீக்கரில் தமிழ்த்துறை வாத்தியார் ஒருத்தர் அடுக்குமொழியில் வர்ணனை சொல்வார். எங்கள் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டே அதைக் கேட்கலாம். கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருக்க முடியுமா?

ஊர்ப் பையன்கள் கேலரியில் உட்காருவார்கள். எங்களை யாரும் ‘நீ கேலரிக்கு வராதே’ என்று சொன்னதில்லை, நாங்களும் போனதில்லை. எங்கள் இடம் வடக்குப் பக்க ரிங்குக்குப் பின்னால், சாக்கடை ஓரம். அந்த இடம் கிடைத்ததற்கே சாக்கடைதான் காரணம். போர்டில் பட்டுத் தெறிக்கிற பந்து ஆட்டத்துக்கு நாலு தடவையாவது அதில் விழும். யார் இறங்கி எடுப்பது? ‘டேய், அந்தப் பசங்கள வரச் சொல்லு’ என்றார்கள், போனோம். ராத்திரி ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பன்னும் டீயும். பிளாஸ்டிக் டம்ளரில்தான் எல்லாருக்கும் டீ, குடித்துவிட்டுத் தூக்கி எறிந்துவிடலாம். ரெட்டைக் குவளைக்கு எப்படிப்பட்ட தீர்வைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பிற்பாடு நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

சாக்கடையிலிருந்து எடுத்த பந்தை என் சட்டையில் துடைத்துத்தான் உள்ளே வீசுவேன். அதை வாங்குகிறவன் எந்த சாதிக்காரனாக இருந்தாலும் ஒரு நொடிகூடத் தயங்க மாட்டான். வாங்குவான், தட்டுவான், நெஞ்சோடு அணைப்பான். அந்த ஒரு நொடியைப் பார்ப்பதற்காகவே நான் தினமும் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. என் கையில் இருந்தது அவன் கைக்குப் போனது, தீட்டு எங்கே போனது?

பந்துக்குத் தீட்டில்லை என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. 1876-இல் பிறந்த பல்வங்கர் பாலு என்ற சுழற்பந்து வீச்சாளர் தலித். புனாவில் இந்து அணியினர் அவர் கையால் எறிந்த பந்தைப் பிடித்தார்கள், தேநீர் நேரத்தில் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே மண்குவளையில் ஊற்றினார்கள். 1911-இல் இங்கிலாந்துக்குப் போய் 114 விக்கெட் எடுத்துத் திரும்பிய பிறகும் அவரை அணித்தலைவராக்க மனசு வரவில்லை. 2023 ஜூனில் குஜராத்தின் பாட்டன் மாவட்டத்தில் ஒரு தலித் சிறுவன், பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் நடக்கும்போது உருண்டு வந்த பந்தைக் கையில் எடுத்தான். அந்தத் தகராறில் அவனுடைய மாமன்முறை ஆளுக்குக் கட்டைவிரல் போனது. 2025 மார்ச்சில் நம் திருவைகுண்டம் பக்கம், பரீட்சை எழுதப் பேருந்தில் போன தலித் மாணவனின் விரல்களை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஏகலைவன் கதையை இன்னும் புராணம் என்றா சொல்லிக்கொண்டிருப்பது? நான் பந்து எடுத்தேன், பன் கிடைத்தது. அந்தக் குஜராத்துப் பையன் பந்து எடுத்தான். இரண்டு பேரும் செய்தது ஒரே காரியந்தான். ‘எடு’ என்று அவர்கள் சொல்லி நான் எடுத்தேன், அவன் யாரும் சொல்லாமல் எடுத்தான் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன இரண்டாவது ஆள் ஒரு அண்ணன். ஆறடி ரெண்டங்குலம். தெருவில் நெட்டையண்ணன் என்றே பெயர். அந்த உயரத்தைப் பார்த்துத்தான் பி.டி. சார் அவரைக் கூடைப்பந்துக்கு இழுத்தார். ஜெர்சியில் 13. அந்தக் காலத்தில் நாலிலிருந்து பதினைந்து வரைதான் எண்கள். ரெப்ரி விரலைக் காட்டிப் பாயிண்டு சொல்வதால் ஒன்று, இரண்டு, மூன்று குழப்பம் தரும் என்று வைத்திருந்த ஏற்பாடு. நாங்கள் பத்துப் பேரும் 13-ஐ மட்டுந்தான் பார்ப்போம். பந்து எங்கே இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம்.

அவர் செய்த ஒரு காரியம் எனக்கு அப்போது விளங்கவில்லை. பவுல் என்று விசில் ஊதியதும் கையை நேராக மேலே தூக்குவார். ‘நான்தான் செஞ்சேன்’ என்று ஸ்கோர் எழுதுகிற மேசைக்குக் காட்டுவது. பழைய ஆட்டக்காரர்களிடம் இருந்த வழக்கம், அவர்களுடைய பி.டி. சார் அதைக் கண்டிப்பாகக் கற்றுக்கொடுத்திருந்தார். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இரண்டு பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாட்டி இந்த ஆட்டத்தை உண்டாக்கியபோது எழுதிய 13 விதிகளிலேயே, தோளால் இடிப்பதும் பிடிப்பதும் தள்ளுவதும் குற்றம் என்று இருக்கிறது. ஆட்டம் நம் பக்கம் வந்தது ஒய்.எம்.சி.ஏ. வழியாக. 1920-இல் ஹாரி பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியை உடற்கல்வி ஆசிரியர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். தொட்டால் குற்றம் என்பது நமக்குப் புதிய சட்டமா என்ன? நம் ஊர்ச் சட்டத்தில் குற்றவாளி யார் என்பது பிறக்கும்போதே தீர்ந்துவிடும். இங்கே இடித்தவன் எவனோ அவன் மேல் குற்றம். அதையும் அவனே கை தூக்கி ஒத்துக்கொள்கிறான். ஊரில் எங்களை அடித்தவன் ஒருத்தன்கூட அப்படிக் கை தூக்கி நான் பார்த்ததில்லை.

2000 சனவரி, அரையிறுதி ஆட்டம். அப்போதெல்லாம் இருபது இருபது நிமிசமாக இரண்டு பாதி. எங்கள் கல்லூரி 58, வந்த அணி 59. பதினோரு வினாடி பாக்கி. எங்கள் ஆள் எறிந்தது ரிங்கில் பட்டு வெளியே துள்ளியது. நாலைந்து பேர் ஒன்றாக எம்பினார்கள். பந்து கோட்டைத் தாண்டி நேராக என் மடியில் வந்து விழுந்தது.

நான் பார்த்தேன். கடைசியாகப் பட்டது அண்ணனின் நடுவிரல் நுனி. ரெப்ரிக்கு உடம்புகள் மறைத்துவிட்டன. இன்னொரு ரெப்ரியைப் பார்த்தார், அவரும் உதட்டைப் பிதுக்கினார். சந்தேகம் என்றால் ஜம்ப் பால் போடுவார்கள், அன்றைய விதி அது. இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினால் அதற்கு அர்த்தம். அவர் கை உயர ஆரம்பித்தபோது நான் பந்தோடு எழுந்து கத்தினேன்: ‘அவங்க மேலதான் சார் பட்டுச்சு! நான் பாத்தேன் சார்!’

பந்து பொறுக்குகிற பையனை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. ஆனால் கேலரி அப்படியே என் குரலைப் பிடித்துக்கொண்டது. ‘பையன் பாத்திருக்கான் சார்!’ முந்நூறு பேர், அத்தனை பேரும் ஊர்க்காரர்கள், என் வார்த்தையைச் சத்தியம் என்றார்கள். என் ஆயுசில் அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, ஊர் முழுக்க என் சொல்லை நம்பியது அந்த ஒரு தடவைதான். அது பொய். ரெப்ரி என்னைப் பார்த்தார். கட்டைவிரல்கள் பாதியில் நின்றன.

அப்போது 13 கையைத் தூக்கியது. ‘என் விரல்ல பட்டுச்சு சார்.’

பந்து அவர்களுக்குப் போனது. முப்பது வினாடிக்குள் எறிந்தால் போதும் என்ற காலம், பதினோரு வினாடியைக் கையில் வைத்துத் தட்டியே தீர்த்துவிட்டார்கள். 58-59.

அன்று ராத்திரி கேலரிக்குப் பின்னால் என் காதில் விழுந்ததை எழுதுகிறேன். ஒருத்தன் ‘கோட்டாப் பயலுக்கு ஜெயிக்கிற புத்தி எங்கருந்து வரும்’ என்றான். இன்னொருத்தன் சாதிப் பெயரைச் சொல்லிக் காறித் துப்பினான். மூன்றாவது ஆள் நிதானமானவன், அவனோடு ஒரே பெஞ்சில் ஆடியவன். அவன் சொன்னதுதான் இன்றுவரை கிடந்து உறுத்துகிறது: ‘துட்டு வாங்கிருப்பான்டா.’ எங்களில் ஒருத்தன் உண்மை சொன்னால் அதற்கு ஒரு விலை இருந்தே தீரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அரிச்சந்திரனுக்கு ஒரு நியாயம், அவனை வேலைக்கு வைத்த வெட்டியானுக்கு ஒரு நியாயம். எங்கள் பக்கத்துச் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல் இருக்கிறது, பிணத்தை இறக்கி வைத்துப் பாட்டுப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். உண்மை சொன்ன ராசாவுக்கு ராச்சியம் திரும்பக் கிடைத்தது. வெட்டியானுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், அவனே மாறுவேசத்தில் வந்த தேவன்தான் என்று கதையை முடித்துவிடுகிறார்கள். சுடுகாட்டில் வெட்டியான் என்று ஒரு மனுசன் இருந்ததே இல்லை என்றாகிவிட்டது.

அண்ணனை அணியிலிருந்து யாரும் நீக்கவில்லை. நீக்கினால் ஏன் என்று கேட்கலாம். அடுத்த வருசம் பூராவும் அவர் பெஞ்சில் தண்ணீர்ப் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தில் பிறகு பல விதிகள் மாறின. இருபது நிமிசப் பாதிகள் போய்ப் பத்து நிமிசக் கால்பகுதிகள் வந்தன, முப்பது வினாடி இருபத்து நாலானது. அவர் உட்கார்ந்த இடம் மட்டும் மாறவில்லை.

நான் வாங்கினேன், தனியாக. வீட்டுக்கு வரும் வழியில் சாக்கடைப் பலகையைத் தாண்டியதும் மண்டையில் ஒரு அறை. ‘ஒன்னைய எவன்டா சாட்சிக்குக் கூப்புட்டான்?’ அழுதுகொண்டே சொன்னேன், ‘ஒங்களுக்காகத்தான்னே சொன்னேன்.’ ‘எனக்காகப் பொய் சொல்லுவியோ? நாளைக்கு நெசமாவே நம்மள வெட்டிப்போட்டாலும் எவன்டா நம்ம பேச்ச நம்புவான்?’

வெட்டிப்போட்டால் என்பது அன்றைக்கு எங்கள் தெருவில் சும்மா வாய்ப்பேச்சு இல்லை. 1997 ஜூன் 30-இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்று இரண்டரை வருசந்தான் ஆகியிருந்தது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த நேரம். அவர்கள் சொன்னார்கள். 2001-இல் பதினேழு பேருக்கு ஆயுள்தண்டனை கிடைத்தது அந்தச் சொல்லின் பலத்தில்தான். 2019 நவம்பரில் பதின்மூன்று பேரை முன்கூட்டியே விடுதலை செய்து அனுப்பியபோது அந்தச் சொல்லுக்கு அரசாங்கம் என்ன விலை வைத்திருந்தது என்றும் தெரிந்துபோனது.

கல்லூரியில் தமிழ் படிக்கும்போது அறம், வாய்மை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேன். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மைதான் என்று வள்ளுவர் ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பதைப் படித்ததும் எனக்கு நிம்மதி. என் கேஸ் தள்ளுபடி என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்ததும் நிம்மதி போனது. யாருக்கு நன்மை? எதிரணியில் ஆடிய பையன்கள் யார், அவர்களில் எங்களைப் போன்றவன் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. எங்களை வெட்டுகிறவர்களும் இதே வாசல் வழியாகத்தானே வருகிறார்கள், ‘ஊர் நன்மைக்கு’ என்று?

அம்பேத்கர் 1936-இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலில் விதிகளையும் கோட்பாடுகளையும் பிரித்துக் காட்டுகிறார். விதி இன்னதைச் செய் என்று கட்டளையிடும், கோட்பாடு யோசித்துச் செயல்படும் பொறுப்பை ஆளிடம் கொடுக்கும். அன்றைய விதிப்படி அண்ணன் வாயைத் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சந்தேகம் இருந்தால் ஜம்ப் பால், அவர் உயரத்துக்கு அதையும் ஜெயித்திருப்பார். அவர் விதிக்கு மேலே போனார். சரி. ஆனால் எனக்கு ஒரு ஆத்திரம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆதிக்க சாதிக்காரன் பொய் சொன்னால் அது அவனுடைய பொய். நாங்கள் சொன்னால் அது சாதியின் பொய். அதனால் நாங்கள் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்கிறார் அண்ணன். எங்களுக்கு மட்டும் இப்படி ஒரு கூடுதல் சுத்தம் கேட்பதும் பழைய தீட்டுக் கணக்கின் இன்னொரு பக்கந்தானே? பொய் சொல்கிற சுதந்திரமும் சமத்துவத்தில் சேருமா, சேராதா?

கேட்பது சுலபம். 2021-இல் கேள்வி கையெழுத்தோடு வந்தது.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரியம்மா. அறுபது வயசுக்கு மேல். கடலை பறித்த கூலி நிற்கிறது. கேட்கப் போனவரை நிலக்காரர் தன் வீட்டுக் கொல்லைக்கு வரச் சொல்லி, சாதியைச் சொல்லி, எழுத முடியாத வார்த்தைகளைச் சொல்லி விரட்டியிருக்கிறார். கொல்லையில் வேறு ஆளில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது குற்றமாக வேண்டுமானால் பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். 2020 நவம்பரில் உத்தரகாண்ட் வழக்கொன்றில், நாலு சுவருக்குள்ளே, வெளியாள் யாரும் இல்லாதபோது சொன்னால் அந்தப் பிரிவு வராது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வக்கீல் நல்லவர், நம் பக்கத்து ஆள். ‘தெருவுல வச்சுன்னு ஒரு வரி மாத்திப் போடுங்க தோழர். வஞ்சது உண்மை, சாதி சொன்னது உண்மை. எடம் மட்டுந்தான’ என்றார்.

இடம் மட்டுந்தான். நான் எழுதினேன். யோசித்து, கை நடுங்காமல், நல்ல தமிழில் எழுதினேன். சட்டமே எங்களுக்கு எதிராகக் கோடு போட்டிருந்தால் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் என்ன? 2018 மார்ச்சில் இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்று சொல்லி அதே நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியதும், ஏப்ரல் 2 பந்த்தும், நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்ததும் எனக்குத் தெரியாததா? ‘பொய் வழக்கு’ என்று எவனாவது சொன்னால் சட்டையைப் பிடிக்கிற ஆள் நான். அந்தக் கையால்தான் எழுதினேன்.

பெரியம்மா கைநாட்டுப் போடுவதற்கு முன்னால் படிக்கச் சொன்னார். படித்தேன்.

‘தெருவுலயா? கொல்லையிலல்லப்பா வஞ்சான். தெருவுல அவன் ரொம்ப யோக்கியனாச்சே. வா ஆத்தான்னுல்ல கூப்புடுவான்.’

விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, ‘தெருன்னு போட்டா நாலு பேரு பாத்தான்னு சொல்லணும். யாரச் சொல்லச் சொல்லுவ? எம் மருமவளையா? அவளுக்கு அதே நெலத்துலதான் நாளைக்கு வேல’ என்றார். நான் பார்த்த தர்மசாஸ்திரங்கள் எதிலும் இந்தக் கணக்கு இல்லை. ஒரு பொய் தனியாக நிற்காது, அதைத் தாங்குவதற்கு இன்னொரு கூலிக்காரியைக் கூப்பிடும். தாளைக் கிழித்துவிட்டுக் கொல்லை என்றே எழுதிக் கொடுத்தேன். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், பிறகு கூலித் தகராறு என்று பேசி முடித்துவிட்டார்கள். பாதிக் கூலி வந்தது. நிலக்காரர் தெருவில் இன்றும் யோக்கியர்தான்.

மறு வருசம் ஒரு கல்யாண வீட்டில் நெட்டையண்ணனைப் பார்த்தேன். தலை நரைத்து, லேசாகக் கூன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருக்கும்போது இருபத்திரண்டு வருசமாக வைத்திருந்ததைக் கேட்டேன். ‘அன்னைக்கு ஏன்னே கையத் தூக்குனீங்க?’

‘என்னத்த யோசிச்சேன். மூணு வருசமாத் தூக்கிப் பழகுன கை. விரல்ல பட்டது தெரிஞ்சுச்சு, தானா மேல போயிருச்சு. யோசிச்சிருந்தா தூக்கியிருக்க மாட்டேன்டா.’

எனக்குச் சப்பென்று போனது. இத்தனை வருசமாக நான் அறம், கோட்பாடு என்று கட்டி வைத்திருந்தது அவருக்கு வெறும் பழக்கம். வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறு மாதிரித் தோன்றியது. பழக்கம் என்றால் யாரோ பழக்கியிருக்கிறார்கள். தினமும் சாயங்காலம், விசில் ஊதி, ‘தப்புப் பண்ணவன் கையத் தூக்குடா’ என்று ஒருத்தர் மூன்று வருசம் கத்தியிருக்கிறார். அதே திடலில் அதே விசிலுக்குக் கை தூக்கிய மற்ற பையன்கள்தான் ராத்திரி கேலரிக்குப் பின்னால் நின்று சாதி சொன்னவர்கள். வெள்ளைக் கோட்டைத் தாண்டியதும் அவர்கள் கை கீழே இறங்கிவிட்டது. 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்த முரண்பாட்டு வாழ்க்கையை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உள்ளே நாற்பது நிமிசம் ஒரு நாடு, வெளியே இன்னொன்று. அண்ணனுக்கு மட்டும் கோடு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தெரியாததால்தான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பெரியம்மா கதையையும் அன்று அவரிடம் சொன்னேன். கிழித்த தாளைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

‘நீ இன்னும் பந்த வச்சிக்கிட்டு எந்திரிச்சுக் கத்துறத விடல’ என்றார். பிறகு, ‘மிச்சக் கூலி வந்துச்சா?’ என்று கேட்டார்.

வரவில்லை. அதற்கு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு தனியாகக் கொடுத்தோம். மூன்று முறை கொடுத்தாகிவிட்டது. மூன்றிலும் இடம் கொல்லை என்றே இருக்கிறது.